மதுரை சித்திரைப் பொருட்காட்சியின் வரவு செலவு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
பொருட்காட்சியில் வளையல் கடை போடும் சிறு வியாபாரி,
மதுரை.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
செய்தி மக்கள் தொடர்புத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: மதுரை அரசு சித்திரைப் பொருட்காட்சி – வரவு செலவுக் கணக்கை வெளியிடவும், சிறு கடைகளுக்கு நேரடியாக இடம் ஒதுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமுக்கம் மைதானத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பொருட்காட்சி பார்த்தவன் நான். இப்போது பொருட்காட்சிகளில் வளையலும் பாசியும் விற்றுப் பிழைக்கிறேன். 2020, 2021 இரண்டு சித்திரையும் கொரோனாவால் போனபோது சரக்குப் பெட்டிகள் பரணிலேயே கிடந்தன. இந்த நாற்பது, ஐம்பது நாள் வியாபாரத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் செலவே நடக்கிறது.

பொருட்காட்சி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அரசுப் பணத்தை இதில் போடக் கூடாது என்று சிலர் பேசுகிறார்கள். பாதிக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் என் வளையலுக்கும் மக்கள் வரிப்பணம் தேவையில்லை.

ஆனால் அரசுத் துறை அரங்குகளின் கதை வேறு. ஒரு வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த என் அம்மா, கால் வலிக்கிறது என்று சுகாதாரத் துறை அரங்கில் போய் உட்கார்ந்தார். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்த நர்ஸ், எண்ணைப் பார்த்ததும், "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்கம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை இருப்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்களில் இப்படி எத்தனை பேரோ! இந்த அரங்குகளின் செலவை நுழைவுச் சீட்டிலும் கடை வாடகையிலும் ஈடுகட்ட நினைப்பது சரியில்லை. அது அரசு செய்ய வேண்டிய செலவு. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், வருமானம் கூட வேண்டும் என்று, கடை இடங்களை மொத்தமாக எடுப்பவர் கட்டும் ஒப்பந்தத் தொகையை ஏற்றினால் அது கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு ஊரில் நடந்தது இது. மொத்தமாக இடம் எடுத்தவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார்; அந்த இரண்டாம் ஆளிடமிருந்து நான் பத்துக்குப் பத்து இடம் எடுத்தேன். நாள் வாடகை 1,200 ரூபாய், பல்புக்குத் தனிக் காசு. மூன்று நாள் கோடை மழை. தார்ப்பாய் கிழிந்து வளையல் அட்டைகள் ஊறிப் போயின, ஒரு டஜன் கூட விற்கவில்லை. அந்த மூன்று நாளுக்கும் வாடகை வாங்கினார்கள். ரசீது கிடையாது. நான் கொடுத்ததில் எவ்வளவு அரசுக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது.

பொருட்காட்சிக்கு இத்தனை பேர் வந்தார்கள், இவ்வளவு வசூல் என்று பேப்பரில் படிக்கிறோம். செலவு எவ்வளவு என்று நான் படித்ததில்லை. செலவு தெரியாமல், பொருட்காட்சி சொந்தக் காலில் நிற்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு, கேட்காமலேயே கணக்கை வெளியிடச் சொல்கிறது. எனவே பொருட்காட்சி முடிந்த ஒரு மாதத்துக்குள், துறை அரங்குகளின் செலவைத் தனியாகவும் வணிகப் பகுதியின் வரவு செலவைத் தனியாகவும் காட்டி வெளியிட வேண்டுகிறேன். வணிகப் பகுதியில் மிஞ்சுவதை அடுத்த ஆண்டு குடிநீர், கழிப்பறை, நிழல் பந்தலுக்கே ஒதுக்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் பெண்கள் தண்ணீருக்கு அலைவதைக் கடையில் இருந்தபடியே பார்க்கிறேன்.

சிறு கடைகளை மொத்த ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, வாடகையை நிர்ணயித்து, குலுக்கல் முறையில் எங்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் நேரடியாக, ரசீதோடு கொடுங்கள். நியாயமான வாடகை எதுவானாலும் முன்கூட்டியே கட்டத் தயாராக இருக்கிறோம். இட ஒதுக்கீட்டு அறிவிப்பு பங்குனித் தொடக்கத்திலேயே வந்துவிட்டால், சரக்குக்கு முன்பணம் கொடுத்து வைக்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இடம்: மதுரை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வளையல் வியாபாரி