செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூலக அலமாரி பழுதுபார்த்தது, பொங்கல் விழா, சந்தா வசூல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது மாதக் கூடலைப் பற்றி. பட்டிமன்றத்துக்குப் பதில் பழைய திண்ணைச் சொல் விளையாட்டுகளை ஆடுவதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம் அல்லவா?

சிலேடைப் புலவர் காளமேகத்தின் பாடல்களை வைத்து ஆரம்பித்த கூடல்கள் அவ்வளவாக எடுபடவில்லை. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடியும்படி முருகனைப் பாடச் சொன்னார்களாம். புலவர் 'செருப்புக்கு வீரரை' என்று எடுத்தார். செரு என்றால் போர், புக்கு என்றால் புகுந்து. முடிவிலும் 'வண்டே விளக்குமாறே' என்று, விளக்கும் வழியைத்தான் சொன்னார். சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தரும் இவ்வகையை, தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் பிரிமொழிச் சிலேடை என்கிறது. கேட்க இனிமைதான். ஆனால் மனப்பாடம் உள்ள சிலர் பாட, மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அது கச்சேரி, விளையாட்டு இல்லை.

இருசொல் அலங்காரம் வந்த பிறகுதான் கூடம் கலகலத்தது. இரண்டு கேள்வி, ஒரே விடை. கதவைச் சாத்தாதது ஏன்? கடிதம் எழுதாதது ஏன்? தாள் இல்லை. சட்டை தைக்காதது ஏன்? பையன் படிக்காதது ஏன்? நூல் இல்லை. சொல்லைப் பிரிக்க வேண்டாம், இலக்கணம் படித்திருக்கவும் வேண்டாம். பின்வரிசையில் இருந்த ஒரு பள்ளி மாணவன் எழுந்து மூன்று கேள்விகளை அடுக்கினான்: "பானையில் தண்ணீர் நிக்கல, தம்பி அடங்கல, வெண்பா முடியல. ஏன்?" தமிழாசிரியர்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவன் பாட்டியே சொன்னார்: "அடி இல்லடா!"

இதழகலும் ஆடினோம். உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ போயிற்று. உ, ஊ, ஒ, ஓ, ஔ வரிசையும் போயிற்று. அம்மா, அப்பா என்று கூப்பிட வழியில்லை. நாள் தவறாமல் காப்பி குடிக்கும் நம் துணைத்தலைவர், தட்டு எதிரே வந்ததும் திணறிப்போய் "டீ தா" என்றார். அன்று அவருக்கு டீதான் கிடைத்தது.

ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதும் போட்டிக்கு ஆள் சேரவில்லை. தளை தட்டுகிறது, அதாவது சீரும் சீரும் இலக்கணப்படி சேரவில்லை என்று ஒருவரை ஒருவர் திருத்தியதிலேயே நேரம் போய்விட்டது. அடுத்த ஆண்டு அதைத் தனி வகுப்பாக வைக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. கூடலில் பழம்பாடல் ஒப்பிப்பதை நிறுத்தி, அவரவர் கட்டிய கேள்விகளை மட்டும் ஏற்கவும் பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

வரும் கூடலுக்கான கேள்வி: வானம் இருண்டு கிடப்பது ஏன்? அலுவலகம் திறக்காதது ஏன்? விடையை நூலகப் பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்