பர்வதமலைக் கடப்பாறைப் பாதையும் உடன்வரும் நாய்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்கு ஏறுகிறவர்கள், அடிவாரத்திலிருந்து தம்முடன் வரும் நாய்களை, பாறையில் அடித்த இரும்புக் கடப்பாறைகளில் கால்வைத்து ஏறும் கடப்பாறைப் பாதைக்கு மேல் அழைத்துச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். சென்ற பங்குனியில் நண்பர்கள் மூவருடன் கடலாடி வழியாக ஏறியபோது நாங்களே செய்த பிழைதான் இக்கடிதத்துக்குக் காரணம்.

விடியற்காலை நான்கு மணிக்குத் தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர் இரண்டு பிஸ்கட் போட்டார். அவ்வளவுதான், செவலைப் பெட்டை நாய் ஒன்று எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. காது நுனி வெட்டப்பட்டிருந்ததால், கருத்தடை செய்து மீண்டும் ஊரில் விடப்பட்ட நாய் என்று தெரிந்தது. டார்ச் வெளிச்சம் எட்டாத திருப்பங்களில் அது நின்று நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. எதிரே இறங்கி வந்த அம்மையார் ஒருவர், பைரவரே துணைக்கு வருகிறார் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

4,500 அடிக்கு மேல் உயரமுள்ள இம்மலையில், கடலாடி வழியும் தென்மகாதேவமங்கலம் வழியும் ஒன்றுகூடிய பின்னர்தான் உண்மையான ஏற்றம் வருகிறது. செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, சங்கிலியைப் பற்றிக்கொண்டு அவற்றின்மேல் கால்வைத்து ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பற்றுவதற்குக் கை ஏது? அது கீழேயே நின்று முனகியது. மேலிருந்து யாரோ சீழ்க்கையடிக்க, பக்கத்துப் பாறையில் நகத்தை ஊன்றித் தாவித் தாவி ஏறிவிட்டது. நாங்களும் கைதட்டினோம்.

மல்லிகார்சுனேசுவரரைத் தரிசித்துவிட்டுப் பதினொரு மணிக்கு இறங்கும்போது பாறை கொதித்தது. ஏறும்போது உதவிய நகம் இறங்கும்போது உதவவில்லை; உடலின் பாரமெல்லாம் முன்னங்காலில் விழுந்தது. பாதி வழியில் அது நாக்கைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்துவிட்டது. காலைத் தூக்கிப் பார்த்தால், உள்ளங்காலின் கறுப்புத் தோல் ஒரு காசளவு உரிந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. துண்டைத் தூளியாகக் கட்டித் தோளில் மாட்டி இறக்கினோம். பின்னங்கால் கடப்பாறையில் இடிபட்ட வலியில், சுமந்துவந்த நண்பரின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். எங்களிடம் மிஞ்சியிருந்ததோ அரை பாட்டில் தண்ணீர். அதையும் நாயுடன் பங்கிட வேண்டியிருந்தது. காது வெட்டப்பட்ட நாய்தானே, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள் என்று நம்பிச் சும்மா இருக்க முடியுமா? நண்பர் அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28 ஆம் நாள் கணக்கில் தடுப்பூசி போட்டுக்கொண்டார்.

நாள்தோறும் ஏறி இறங்கும் நாய்களும் அங்கே உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு என்றே கடைக்காரரும் சொன்னார். ஆனால் வழி பழகிய நாயையும் பிஸ்கட்டுக்காகப் பின்னால் வந்த நாயையும் வெளியூர்க்காரர்கள் எப்படிப் பிரித்தறிவது?

மலைபடுகடாம் கூறும் நன்னனின் நவிரமலை இதுவே என்பர். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தருக்குப் பாசி வழுக்கும் இடம் எது, அங்கே எதைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விரிவாகச் சொல்கிறான். இன்று அப்படிச் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் ஒரு பலகை வைக்கலாம். இரு வழிகளும் கூடுமிடத்தில், நாய்களை இதற்கு மேல் கூப்பிடாதீர்கள் என்று எழுதிய பலகையும், அருகே நிழலில் ஒரு கல்தொட்டியும் இருந்தால் போதும். நாயின் உடல் பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்வதால், அதற்கு அங்கே தேவைப்படுவது தண்ணீர்தான். சாக்லேட் நாய்க்கு நஞ்சு என்பதையும் அப்பலகையிலேயே ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

நாலாவது ஊசி முடிந்த வாரம் கடலாடிக்குப் போய் அந்த நாயைப் பார்த்தோம். கால் ஆறியிருந்தது. முதல்நாள் இரவும் யாருடனோ மேலே போய்வந்ததாகக் கடைக்காரர் சொன்னார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரணி.