யானைமலைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி

மதுரை,
மார்கழி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் குட்டி நடுவில் வந்து பிடுங்கிக்கொள்கிறாள், அவள் விட்டால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா மூன்று பேனா தேடிக் கொடுத்தார். மூன்றாவதுதான் எழுதுகிறது.

போன வாரம், "வீடே வெறிச்சுனு இருக்கும்மா, சுவத்துக்கு நாலு படம் ஆர்டர் பண்ணப்போறேன்" என்றாய். நீ அனுப்பியதைப் பார்த்தேன். ஒரு இலை, அதற்குப் பின்னால் ஒரு வட்டம். ஒன்று மூவாயிரம் ரூபாய். அதே வீட்டில் ஃபிரிட்ஜ் தலையில் உன் மகள் வரைந்த தாள் ஒரு சாண் உயரத்துக்குக் கிடக்கிறது, அதன் மேல் முட்டை டிரே வேறு. தீபாவளிக்கு வந்தபோதே பார்த்தேன். மாப்பிள்ளை இருந்தார், அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னால் என்ன? ஹால் ஜன்னல் கம்பியிலிருந்து புத்தக அலமாரி வரைக்கும் ஒரு சணல் கயிறு கட்டு. துணி காயப்போடும் கிளிப் பத்து போதும். கயிறு உன் உயரத்துக்கு வேண்டாம், குட்டியின் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து மூன்றடியில் இருக்கட்டும். வருகிறவர்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். எதைத் தொங்கவிடுவது, எதை இறக்குவது என்பதையும் அவளே சொல்லட்டும். இறக்கியதை ஃபைலில் போட்டு, காய்ந்த வேப்பிலை நாலு கொத்து வை. தாளின் பின்பக்கம் பென்சிலால் தேதியும், வரைந்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்பதையும் எழுது. பேனாவால் எழுதாதே, முன்பக்கம் தெரியும்.

செலோ டேப் மட்டும் ஒட்டாதே. இரண்டு வருஷத்தில் பழுப்பேறி, பிரித்தால் தாளோடு வரும். லேமினேஷனும் வேண்டாம். உன் சின்ன மாமா மகன் வரைந்த மயிலை ஒரு கடையில் கொடுத்து, கிரேயான் மெழுகு சூட்டில் உருகி, மயில் கழுத்து நீலம் முழுக்கக் காலுக்கு இறங்கிவிட்டது. அப்புறம் வெயில். ஸ்கெட்ச் பேனாவில் போட்டதை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் ஒரு கோடைக்குத் தாங்காது, கிரேயான் நிற்கும்.

அன்றைக்குக் குட்டி மாப்பிள்ளையை வரைந்து கொண்டுவந்தாள். பெரிய வட்டம், அதிலிருந்தே இரண்டு கால், காது இருக்க வேண்டிய இடத்தில் கை. நீ சிரித்துவிட்டு, "அப்பாவுக்கு வயிறு எங்கடி?" என்று கேட்டாய். அவள் முகம் சுருங்கியதை நீ பார்க்கவில்லை. முப்பது வருஷம் பால்வாடியில் இருந்தவள் சொல்கிறேன், மூன்று நான்கு வயதில் எல்லாப் பிள்ளைக்கும் மனுஷன் என்றால் தலையும் காலும்தான். வயிறு தானாக வரும். அப்புறம் தாளின் அடியில் ஒரு கோடு வரும், அதுதான் தரை. சுவர் கண்ணாடி மாதிரி ஆகி, வீட்டுக்குள் இருக்கிற கட்டிலும் அடுப்பும் வெளியே தெரியும். இந்தக் காலம் ரொம்பக் கொஞ்ச நாள். எட்டு வயதானால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, தென்னைமரம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் அதையேதான் வரையும்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். மல்லேஸ்வரத்தில் பூக்காரரிடம் சம்பங்கி கேட்டாய், அவர் சண்பகத்தைக் கொடுத்தார் என்று சொல்லிச் சிரித்தாயே. அங்கே கன்னடத்தில் சம்பிகே என்றால் சண்பகம்தான், நீ தினமும் போகிற ரோட்டுக்கே அந்தப் பேர். நம் சம்பங்கிக்கு அவர்கள் வைத்த பேர் சுகந்தராஜா. அப்படிக் கேட்டுப் பார். உதிரியாக வேண்டாம், நீளத் தண்டோடு ஆறு வாங்கு. அடியைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் முங்குகிற இலையைக் கிள்ளிவிட்டு, தினம் தண்ணீர் மாற்று. மொட்டு கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாக விரியும், வாடியதை நீ கிள்ளக் கிள்ள நாலைந்து நாள் வரும். வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே. பழம் கனியும்போது வருகிற வாயு பூவைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

நம் மதுரை மல்லிகை இப்போது வேண்டாம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கி என்ன, பனியில் மொட்டு சிறுத்துப்போகிறது, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரங்களில் நிற்கிறது. சித்திரையில் வா, ஒரு தட்டு நிறைய மொட்டு வாங்கி ஈரத்துணியால் மூடி வைக்கிறேன். விடியற்காலையில் பறித்தது சாயங்காலம்தான் மலரும். துணியை எடுக்கிற வேலை குட்டிக்கு. அதுவரை உருளியில் தண்ணீர் ஊற்றி, காம்பு நீக்கிய செவ்வந்தியை மிதக்கவிடு. செம்பருத்தி கிடைத்தால் தண்ணீர்கூட வேண்டாம். தண்ணீரில் வைத்தாலும் வெளியே வைத்தாலும் அதற்கு ஆயுசு ஒரு நாள்தான், சும்மா மேசைமேல் வை.

வாடினால் எடுத்துச் செடிக்குப் போட்டுவிடு, யோசிக்காதே. தாளையும் பூ மாதிரி நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

உன்னிடம் இதைச் சொல்லி இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். 1997 பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தோமே, அப்போது உன் படக்கட்டைக் காணோம் என்று நீ அழுதாய். கரையான் அரித்துவிட்டது என்றேன். கரையான் இல்லை பாப்பா, நான்தான். கொல்லையில் வெந்நீர் அடுப்புப் பற்றவைக்க ஒவ்வொரு தாளாக எடுத்தேன். கிரேயான் தடவிய தாள் நன்றாகப் பற்றும், தெரியுமா. மெழுகுவத்தி மாதிரி வாசம் வரும். ஒரு வாரம் நீ குளித்த வெந்நீர் அதில்தான் காய்ந்தது. கட்டு தீரும்போதுதான் எனக்கு உறைத்தது.

தப்பியது ஒன்றுதான், யானைமலை. நீ இரண்டாம் வகுப்பில், நம் மொட்டைமாடியிலிருந்து பார்த்து வரைந்தது. மலையின் முதுகு, தலை, தரையில் நீட்டிய தும்பிக்கை எல்லாம் அப்படியே. டீச்சர் அதன் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் இரண்டு முக்கோணம் வரைந்து, "மலை இப்படித்தான் இருக்கும்" என்று எழுதிக் கொடுத்தார். அந்த டீச்சரை மலையடியில் இருக்கிற ஒத்தக்கடைப் பக்கம் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று ஆத்திரத்தில் என் பால்வாடி நோட்டுக்குள் வைத்தேன். அப்புறம் மறந்தே போனேன். அதற்குப் பிறகு நீ வரைந்த மலையெல்லாம் முக்கோணம்தான். 2015-இல் ரிட்டயர் ஆகி மூட்டையைப் பிரித்தபோது கிடைத்தது. சிவப்புக் கோட்டோடு அப்படியே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் வந்திருந்தபோது குட்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மாச்சி, யானை தூங்குதா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

அவள் வரைந்த மாப்பிள்ளை படத்தை எனக்கு அனுப்பு. போனில் போட்டோ எடுத்து அல்ல, தாளையே. மடிக்காமல் சுருட்டி, அட்டைக் குழாயில் போட்டுத் தபாலில் அனுப்பு. யானைமலைக்குப் பக்கத்தில் அப்பா நேற்றே ஆணி அடித்துவிட்டார். கொஞ்சம் கோணல்.

அன்புடன்,
அம்மா