மரம் எங்கே விழும் என்பதைக் கயிறு தீர்மானிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் கொல்லையில் நின்ற வேப்பமரத்தை ஆள் வைத்து வெட்டினோம். தெற்கே காலி மனையில் சாய்க்க வேண்டிய மரம், கயிறும் தெற்கே கட்டி இரண்டு பேர் இழுத்தார்கள், ஆனாலும் பாதி சாய்ந்ததும் திரும்பிக்கொண்டு மேற்கே மாட்டுக்கொட்டகை மேல் விழுந்தது. மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் சேதம் ஓடுகளோடு போயிற்று. வெட்டியவர் “காத்து தள்ளிருச்சு” என்றார். அன்று இலைகூட அசையவில்லை.

அடிமரத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. கிழக்குப் பக்கம் முழுக்க அறுபட்டிருந்தது, மேற்கே மட்டும் மூன்று விரல் கனத்துக்கு மரம் அறுபடாமல் பிய்ந்து நார் நாராக நின்றது. தடித்த பக்கம்தான் மரத்தை இழுக்கும்.

சாய வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் திறந்தது போல ஒரு வெட்டு எடுப்பார்கள் அல்லவா, கீழே படுக்கையாக ஒன்று, மேலிருந்து சரிவாக ஒன்று? அதன் ஆழம் அடிமரத்தின் குறுக்களவில் கால் பங்கு இருந்தால் போதும். சுற்றளவு ஆறடி என்றால் குறுக்கே ஏறக்குறைய இரண்டடி, அதாவது ஆறு அங்குல ஆழம். இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சரியாகச் சந்திக்க வேண்டும், ஒன்று தாண்டி உள்ளே போனால் கெட்டது. பிறகு பின்னாலிருந்து, கீழ் வெட்டைவிட ஓரிரு அங்குலம் உயரத்தில் அறுத்து வந்து, இரண்டுக்கும் நடுவே இரண்டு, இரண்டரை அங்குலத்தை ஒரே சீராக விட்டு நிறுத்திவிட வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்து, மெதுவாகத் திருப்பிப் படுக்க வைக்கும். அப்புறம் ஆப்பு அடித்தாலே சாயும். நம் ஆட்களோ மரம் அசைகிற வரை அறுத்துக்கொண்டே போகிறார்கள், கீல் அறுந்த மரத்தைக் கயிற்றால் என்ன செய்ய முடியும்?

முன்பக்கமாகவே நன்றாகச் சாய்ந்து நிற்கும் தைல மரத்தில் ஆபத்து வேறு. பின்னாலிருந்து சாவதானமாக அறுத்தால் பாதியிலேயே அடிமரம் நெட்டுக்குத்தாகப் பிளந்து, பின்பாதி அறுப்பவர் நெஞ்சுக்கு நேரே எகிறும். அதற்குக் கீலை ஒட்டி ரம்பத்தின் நுனியைக் குத்தி உள்ளே விட்டு அறுத்து, பின்னால் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்துக் கடைசியில் அதை வெட்டுவார்கள். இது பழகிய கைக்கு மட்டும்.

தென்னையில் கணக்கே மாறும். வேம்பு போல நடுவில் வைரம் கிடையாது, வெளிச்சுற்று கெட்டி, உள்ளே சோறு. கீலின் நடுப்பகுதி பிடிக்காது என்பதால்தான், வீடுகளுக்கு நடுவே என்றால் ஆள் ஏறிக் கொண்டையை இறக்கிவிட்டுத் துண்டு துண்டாக வெட்டுவது.

2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் செயின்சா சகஜமாகிவிட்டது. கோடாலி காலத்தில் ஒரு மரத்துக்கு அரை நாள் ஆகும், வெட்டுகிறவருக்கு யோசிக்க நேரம் இருந்தது. இப்போது ஐந்து நிமிடம். வாடகைக்கு விடுகிற கடையில் எண்ணெய் ஊற்றவும் சங்கிலி முறுக்கவும் காட்டித் தருகிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் விவசாயப் பக்கத்தில் ஒரு படம் வரைந்து போட்டால் நானே பத்துப் பிரதி எடுத்துக் கடைகளில் ஒட்டுகிறேன்.

ஒரு வாசகர்,
பேராவூரணி