அடிக்கணக்கு பார்த்து விதி எழுதுங்கள்: மேட்டூர் அணை மீன்பிடி இடங்கள் குறித்துத் திறந்த மடல்

மேட்டூர் அணை மீன்வளத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மீன்பிடி விதிகளை அடுத்த முறை திருத்தும்போது ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் வைத்து எழுதாதீர்கள், நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பண்ணவாடி, கோட்டையூர், செட்டிப்பட்டி, ஏமனூர், நாகமரை என்று துறைகளின் பெயர்கள் அப்படியேதான் இருக்கின்றன. தண்ணீர்தான் இடம் மாறுகிறது. 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த மட்டம் அதே மாதம் 30ஆம் தேதி முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் 'பண்ணவாடியில் மீன்பிடிக்கலாம்' என்ற ஒரே வரிக்கு முற்றிலும் வேறான இரண்டு பொருள்.

அணை நிரம்பியிருக்கும்போது துறையோரத்தில் முட்டளவுத் தண்ணீருக்குள் வேலிக்கருவையும் சோளத்தட்டையும் மூழ்கிக் கிடக்கும். குஞ்சுகள் ஒதுங்குவது அங்கேதான். 90 அடிக்கு இறங்கினால் அந்த இடம் வெறும் வெடித்த வண்டல். 70 அடியை ஒட்டி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் கோயிலின் நந்தி சிலை தலைகாட்டும் சமயம், கட்லா, ரோகு, வாளை என்று பெரிய மீன்களெல்லாம் பழைய காவிரித் தடத்துக்குள் நெருங்கிவிடும். குறுகிப்போன தடத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு வலை கட்டினால் ஒரு மீனும் தப்பாது. அடுத்த வெள்ளத்தில் முட்டையிட வேண்டிய தாய்மீன் அந்தக் கோடையிலேயே சந்தைக்குப் போய்விடுகிறது.

ஆகவே 70 அடிக்குக் கீழே தனி விதி வேண்டும். தடத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் வலை மறைக்கக் கூடாது. ஒரு வலைக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும்.

வலைக் கண்ணியின் அளவுக்கு வருவோம். 10 செ.மீ. வலை என்றால் பெரிதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரமான வலையை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுக்கு இடையே 10 செ.மீ. என்றால் கண்ணியின் சுற்றளவு 20 செ.மீ. தலை நுழைந்து உடம்பு சிக்க வேண்டுமானால் மீனின் சுற்றளவு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது அரைக் கிலோவைச் சுற்றி நிற்கும் கட்லா. இன்னும் ஒரு முறைகூட முட்டையிடாதது. கட்லாவுக்குப் போடும் செவுள் வலைக்கு 15 செ.மீ. கேட்கிறோம். நாட்டுக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது செல்லாது என்பது தெரியும். அவற்றுக்குச் சிறு கண்ணி வலையைக் கரையோரத்தில், 80 அடிக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது மட்டும், தனி உரிமத்தில் கொடுக்கலாம். கரையிலிருந்து இழுக்கும் அலிவி வலைக்கு எந்த மட்டத்திலும் இடமில்லை. அது கரையோரத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போய்விடும்.

குஞ்சு விடுவதற்கும் மட்டம் பார்க்க வேண்டும். நிரம்பி வழியும் நேரத்தில் அணைப் பக்கம் விட்டால் பாதி, உபரிநீரைத் திறக்கும் 16 கண் மதகு வழியாகவே போய்விடும். உபரி நின்று, மட்டம் அசையாமல் இருக்கும் நாட்களில், அதிகாலையில், முள் மூழ்கிய ஒதுக்குகளில் விடுங்கள். நீளம் 10 செ.மீ. இருக்கட்டும்; 4 செ.மீ. குஞ்சை வாளையும் விராலும் நீர்க்காகமும் பங்கு போட்டுவிடும். ஆக்சிஜன் பையைப் பிரித்துக் கொட்டாமல் 15, 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட வேண்டும். பிறகு வாயை அவிழ்த்து, கையால் அணைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்தால் குஞ்சு தானாக நீந்தி வெளியே வரும். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சூடு மாறிய அதிர்ச்சியில் மல்லாந்துவிடும். படம் எடுக்க வசதியான படித்துறை குஞ்சுக்கு வசதியான இடமல்ல என்பதையும் சொல்லிவைக்கிறோம். விட்ட ஒதுக்கைச் சுற்றி 60 நாள் வலை கூடாது.

மேலே அடிப்பாலாற்றிலிருந்து ஒகேனக்கல் வரையுள்ள பகுதிக்குக் காலண்டர் தேதி பொருந்தாது. புதுவெள்ளம் கலங்கலாக இறங்கியதும் சினைமீன் எதிரேறும். அது ஒரு வருடம் ஜூனில் வரும், ஒரு வருடம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகும். நீர்வரத்து கூடிய நாளிலிருந்து 45 நாள் அங்கே வலைக்கும் தூண்டிலுக்கும் விடுமுறை என்று எழுதினால் போதும்.

தூண்டில்காரர்களுக்குப் பெரிய கட்டுப்பாடு தேவையில்லை. மற்ற நாட்களில் மண்புழுவோ, கடலைப் புண்ணாக்கு கலந்த மைதா உருண்டையோ வைத்து ஒற்றை முள்ளில் பிடிப்பவரால் அணைக்குக் கேடு வராது. ஒரே தங்கூஸ் நூலில் ஏழெட்டு முள் கட்டி, இரையே இல்லாமல் வெட்டி இழுத்து மீனின் விலாவில் குத்துவதைத்தான் நிறுத்த வேண்டும். ஜிலேபி மீனுக்கோ வரம்பே வேண்டாம். ஆழமில்லாத மணலில் தட்டு போலக் குழி பறித்து முட்டையிடும், பிறகு தாய் அதை வாயில் அடக்கிக் காக்கும். அதன் பெருக்கத்தைத் தூண்டிலால் குறைத்துவிட முடியாது.

மட்டம் 60 அடிக்குக் கீழே போகும் ஆண்டு வந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. பாறையிலும் மரக்கட்டையிலும் சிக்கி அறுந்த நைலான் வலைகள் அப்போதுதான் வெளியே தெரியும். நைலான் மக்காது, தண்ணீருக்குள் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். பரிசலுக்கு இரண்டு ஆள் வைத்து அவற்றை அறுத்தெடுங்கள். பாறையையும் கட்டையையும் தொட வேண்டாம், மீன் ஒதுங்குவது அங்கேதான்.

கடைசியாக 16 கண் மதகு. உபரியை அடைத்ததும் கீழே பாறைக்குழிகளில் மீன் தங்கிவிடும். வெயில் ஏறினால் குழித் தண்ணீர் சுட்டு, மூச்சுக்காற்று குறைந்து, பெரிய மீன்தான் முதலில் சாகும். மதகை ஒரேயடியாக அடைக்காமல் படிப்படியாகக் குறைத்தால் பாதி மீன் தானாக ஆற்றுக்கு இறங்கிவிடும். மீதிக்கு இழுவலையும் தண்ணீர் நிரப்பிய டிரம்களும் முந்தின நாளே அங்கே தயாராக நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. காலை 8 மணி நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. அதை ஒவ்வொரு துறையிலும் ஒரு பலகையில் எழுதி, அன்றைக்கு எந்த வலை, எந்த எல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
மேட்டூர் அணைக் கரையோர மீன்பிடிப்போர்