காற்று வராத இடத்தில் எக்ஸாஸ்ட் பேன் எதை இழுக்கும்? நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்தாலே, புகை இழுக்கும் பேன் மாட்டிக்கொடுக்கும் நம் கடைக்குப் போன் ஓயாது. இந்த வருசம் போன் அடிப்பதற்குக் காரணம் வேறு. "அவங்க மாட்டுன பேன் புகையை இழுக்கவே இல்லை" என்று நம் கடையைப் பற்றி ஒரு ஓட்டல்காரரின் குரல் பதிவு திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வள்ளியூர் வரை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும்.

அது எந்த ஓட்டல் என்று நான் சொல்ல மாட்டேன். சமையல்கட்டு 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி. ஆக 3000 கன அடி. தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் ஓயாத இடம் என்பதால், மணிக்கு 30 தடவை காற்று மாறட்டும் என்று கணக்குப் போட்டு, நிமிசத்துக்கு 1500 கன அடி இழுக்கும் பேன் வைத்தோம். இழுக்கிற அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வரவேண்டும் அல்லவா? அதற்காகப் பின்சுவரில் வலை போட்ட திறப்பும் விட்டோம். தூசி வருகிறதென்று அதைப் பிளைவுட் அடித்து மூடிவிட்டார்கள். பேன் என்ன செய்யும்? சாப்பிடுகிற ஹாலில் இருந்த ஏசி காற்றை இழுத்தது. ஹால் புழுங்கியது, கரண்டு பில் ஏறியது, புகை அங்கேயே நின்றது. நான் போனபோது சமையல்கட்டுக் கதவை ஹால் பக்கம் இழுத்துத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. பிளைவுட்டைக் கழற்றினோம், தோசைக்கல்லில் எழுந்த புகை நேராக ஹூட்டுக்குள், அதாவது அடுப்புக்கு மேலே இருக்கும் புகைக்கூண்டுக்குள், ஏறியதை மாஸ்டரே பார்த்தார். அதை மட்டும் யாரும் பதிவு போடவில்லை.

ஆபீஸ்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும். ஏர் கூலரை ஓடவிட்டு ஜன்னலைச் சாத்தினால் ஈரம் வெளியே போக வழியிருக்காது; உடம்பு பிசுபிசுக்கும், பைல்கள் நமுத்துப் போகும். மேற்கு பார்த்த கண்ணாடி இருந்தால் முதலில் அதற்கு வெளியே நிழல் கட்டுங்கள், பேன் பிறகு என்றுதான் சொல்வேன். பேன் விற்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, "எங்க கடைக்கு வந்து பாருங்க, பிறகு பேசுங்க" என்று பதில் போட்ட பாளையங்கோட்டை மெஸ்காரர்களையும், அல்வாச் சட்டி முன்னால் நின்றுகொண்டே எனக்குப் போன் பண்ணித் தைரியம் சொன்ன டவுன் அண்ணாச்சியையும் மறக்க மாட்டேன். உங்களை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

அப்புறம், தகடும் செம்பும் விலை ஏறிவிட்டன, டக்ட் என்கிற காற்றுக்குழாய்க்குத் தகடு வளைக்கிற தம்பியும் துபாய் போய்விட்டார். அதனால் அளவெடுத்து வரைபடம் தர இனி ஒரு சிறு தொகை உண்டு. புது வேலைகள் கத்திரி முடிந்து, மே 28-க்கு மேல்தான்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு பெல்ட், பேரிங் பார்க்கும் வேலை வழக்கம்போல நடக்கும். எண்ணெய் பில்டரை மட்டும் வாரம் ஒருமுறை சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். எங்கள் பையன் வந்து கழுவட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி