நூலை வைத்து அளந்தால் ரேடியன் புரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கோண அளவைகளைப் பற்றி வந்த குறிப்பு, ‘180 பாகை என்பது பை ரேடியன்’ என்ற ஒரே வரியோடு ரேடியனை முடித்துக்கொண்டது. நீண்ட காலம் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, ‘பையின் மதிப்பு 180’ என்றே எழுதிய மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பை எப்போதும் ஏறத்தாழ 3.14தான், 180 பாகைக்குச் சமமாவது அத்தனை ரேடியன் கொண்ட கோணம்.

வட்டமான ஒரு தட்டின் மையத்திலிருந்து விளிம்பு வரை நூலை நீட்டி, அந்த ஆரத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதை விளிம்பின் வளைவோடு ஒட்டிப் படியவைத்து, இரு முனைகளையும் மையத்தோடு இணைத்தால் கிடைக்கும் கோணமே ஒரு ரேடியன். இப்படி ஆறு துண்டுகளை வரிசையாக வைத்த பிறகும் கால் துண்டைவிடச் சற்று அதிகமான இடைவெளி மிஞ்சும்; முழுச் சுற்றுக்கு இரண்டு பை, அதாவது சுமார் 6.28 துண்டுகள் தேவை. அதே நூலை வளைக்காமல் விளிம்பின் இரு புள்ளிகளுக்கு இடையே நேராக இழுத்துப் பிடித்தால், ஆறே துண்டுகளில் வட்டம் மூடிக்கொள்ளும், ஒவ்வொன்றும் மையத்தில் 60 பாகையைத் தாங்கும். வளைந்து கிடக்கும் நூல் அதைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தையே தாங்குவதால்தான் ஒரு ரேடியன் சுமார் 57.3 பாகையாக இருக்கிறது.

பாகை பாபிலோனியரின் 60 அடிப்படையிலான எண்முறையின் வழியே நமக்கு வந்தது. 360க்கு 24 வகுஎண்கள் இருப்பதால் பங்கிட வசதியானதுதான், ஆனால் அந்த எண்ணை வட்டம் கேட்கவில்லை, நாம் கொடுத்தோம். ரேடியனோ வட்டத்தின் ஆரத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 2 ரேடியன் கோணத்துக்குரிய வில்லின் நீளம் 10 மீட்டர் என்று பெருக்கிச் சொல்லிவிடலாம். சைனின் வகைக்கெழு (அதாவது அது மாறும் வீதம்) கொசைன் என்பதும் ரேடியனில் மட்டுமே உண்மை. பாகையில் எழுதினால் பை/180 என்ற காரணி கூடவே வந்து நிற்கும். (‘ரேடியன்’ என்ற சொல் 1873இல் முதன்முதலாக அச்சில் வந்தது பெல்ஃபாஸ்ட் கல்லூரி ஒன்றின் தேர்வு வினாக்களில் என்பது மாணவர்களுக்கு வியப்பாக இராது.)

கால்குலேட்டரில் ரேடியன் முறை இருப்பதைக் கவனிக்காமல் சைன் 30ஐத் தட்டினால், 0.5க்குப் பதிலாக −0.988 வரும். ஒன்றைத் தாண்டாத எண் என்பதால் அதில் பிழை இருப்பதாகவே தோன்றாது, மாணவரும் அப்படியே எழுதிவிடுவார். 30 ரேடியன் என்பது வட்டத்தை நான்கு முறைக்கு மேல் சுற்றிவரும் கோணம் என்று நூலை வைத்து அளந்து பார்த்தவருக்கு உடனே உறைக்கும். அடுத்த முறை இக்குறிப்பு வெளியாகும்போது, பாகையை ரேடியனாக மாற்றும் வாய்பாட்டுக்கு முன்னால் ஒரு வட்டத்தையும் அதன் விளிம்பில் வளைந்து படிந்த ஓர் ஆரத்தையும் படமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்